அமெரிக்காவில் கட்சிகள் பிறந்தது எப்போது? 1787, 1791, 1796, 1800, 1828: எங்கிருந்து தொடங்குவது

அமெரிக்க அரசியல் கட்சிகளின் தோற்றம் பற்றி எழுதவோ பேசவோ உட்காருகிறவர்கள் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாடநூல் 1787 என்கிறது, இன்னொன்று முதல் அமைச்சரவையில் நிதியமைச்சர் ஹாமில்டனுக்கும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனுக்கும் நடந்த சண்டை என்கிறது, மூன்றாவது ஒன்று 1800 தேர்தலுக்குத் தாவிவிடுகிறது. அதெல்லாம் கட்சியே இல்லை, 1828-இல்தான் உண்மையான கட்சி வந்தது என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், முதுகலை மாணவர்கள், வாசகர் வட்டத்தில் அரை மணி நேரம் பேச ஒத்துக்கொண்டுவிட்டு விழிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இதுதான்: எதை எடுத்துக்கொள்வது?

சிக்கலுக்குக் காரணம் எளிது. அங்கே யாரும் மேடை போட்டுக் கட்சிப் பெயரை அறிவிக்கவில்லை, கொடி ஏற்றவில்லை, உறுப்பினர் அட்டை அச்சடிக்கவில்லை. 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே கிடையாது. கட்சி கட்டியவர்களே கட்சியைத் திட்டியவர்கள். ஒரு கட்சியோடு சேர்ந்துதான் சொர்க்கத்துக்குப் போக முடியும் என்றால் நான் அங்கே போகவே மாட்டேன் என்று 1789-இல் கடிதம் எழுதிய ஜெஃபர்சன், மூன்றே வருடத்தில் ஒரு கட்சியின் தலையாக நின்றார். ஆகவே பிறந்த தேதி என்று ஒன்று கிடைக்காது, நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, ஆட்கள். ஒரு சண்டையில் ஒரு பக்கம் நின்றவர்கள் அடுத்த சண்டையிலும் அதே பக்கம் நிற்கிறார்களா? ஒவ்வொரு பிரச்சினைக்கும் அணி மாறினால் அது கோஷ்டி, கட்சி இல்லை.

இரண்டு, கருவிகள். சொந்தப் பத்திரிகை, வேட்பாளரைப் பேசி முடிவுசெய்யும் கூட்டம், சபையில் தலை எண்ணி ஓட்டுப் போடும் பழக்கம், ஊரில் வேலை செய்ய ஆள் – இவை இருக்கின்றனவா?

மூன்று, பரப்பு. தலைநகரத்துப் பெரிய மனிதர்களைத் தாண்டி வாக்காளர் வரை போனதா? வடக்கு, தெற்கு என்ற எல்லைகளைத் தாண்டியதா?

நான்கு, விளக்கும் சக்தி. அங்கிருந்து தொடங்கினால் அடுத்த இருபது ஆண்டு புரிகிறதா, இல்லை ஒவ்வொரு அடியிலும் விதிவிலக்கு சொல்ல வேண்டியிருக்கிறதா?

எல்லாத் தொடக்கத்துக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை. 'வாக்காளர்' என்று நான் சொல்லும்போதெல்லாம் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள், அதிலும் சொத்தோ வரி கட்டும் தகுதியோ உள்ளவர்கள் என்று படித்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் மட்டும் சொத்துள்ள பெண்கள் 1807 வரை ஓட்டுப் போட்டார்கள். தெற்கின் அடிமைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர்களின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்து அவர்களின் எஜமானர் மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. இது பின்னால் 1800-இல் வந்து நிற்கும்.

| தொடக்கம் | ஆட்கள் தொடர்கிறார்களா | கருவிகள் | பரப்பு | எதற்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| 1787–88 ஒப்புதல் சண்டை | பாதிக்கு மேல் கலைந்துவிட்டது | கட்டுரைகள், மாநில மாநாடுகள் | நாடு முழுவதும், ஆனால் ஒரே தடவை | அரசியலமைப்பு பற்றிய கட்டுரை |
| 1790–92 கடனும் வங்கியும் | தலைவர்கள் தொடர்கிறார்கள் | இரண்டு பத்திரிகைகள் | தலைநகரம். வடக்கு – தெற்குப் பிளவு | 'ஏன்' என்ற கேள்வி |
| 1793–96 பிரான்ஸும் ஜே ஒப்பந்தமும் | ஆம் | சங்கங்கள், உறுப்பினர் கூட்டம், சீட்டு விநியோகம் | ஊர் வரை, வடக்கிலும் | 'எப்படி' என்ற கேள்வி |
| 1800 தேர்தல் | முழுமையாக | வேட்பாளர் ஜோடி, கட்டுப்பாடு | ஐந்து மாநிலங்களில்தான் நேரடி ஓட்டு | ஆட்சி மாற்றம் |
| 1828 ஜாக்சன் | புது அணி | எல்லாம் | வெகுஜனம் | இன்றைய கட்சி முறை |

## 1787–88: அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா

பெரும்பாலானவர்கள் இங்கேதான் போய் விழுகிறார்கள், ஏனென்றால் பார்க்க அச்சு அசல் இருகட்சிச் சண்டை மாதிரியே இருக்கிறது. ஒரு பக்கம் ஃபெடரலிஸ்டுகள், மறுபக்கம் ஃபெடரலிஸ்ட் எதிர்ப்பாளர்கள். வலுவான மத்திய அரசு வேண்டும், வேண்டாம். ஏற்பதா என்று மாநில மாநாடுகள் போட்ட ஓட்டுகளும் இழுபறி: மாசசூசெட்ஸ் 187–168, வர்ஜீனியா 89–79, நியூயார்க் 30–27.

ஆனால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. அன்று 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயருக்குள் இருந்து ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் 85 கட்டுரை எழுதினார்கள். மூன்று வருடத்துக்குள் ஹாமில்டனுக்கு மேடிசன்தான் பிரதிநிதிகள் சபையில் (இனி வெறும் 'சபை') முதல் எதிரி. வர்ஜீனியாவில் அரசியலமைப்பை மூச்சைப் பிடித்து எதிர்த்த பேட்ரிக் ஹென்றி கடைசிக் காலத்தில் ஃபெடரலிஸ்டாக நின்று 1799-இல் மாநில சபைக்கு ஜெயித்தார் (பதவி ஏற்குமுன் இறந்துவிட்டார்). மேரிலாந்தில் எதிர்த்த சாமுவேல் சேஸ் பிறகு ஃபெடரலிஸ்ட் நீதிபதியாகி, ஜெஃபர்சன் கட்சிக்காரர்கள் பதவி நீக்க விசாரணைக்கு இழுக்கும் அளவுக்குப் போனார். எல்பிரிட்ஜ் கெர்ரியும் ஜேம்ஸ் மன்றோவும் இங்கே எதிர்ப்பாளர்கள், பிறகு மேடிசனின் கட்சியிலேயே ஒருவர் துணை அதிபர், இன்னொருவர் அதிபர்.

மேடிசன் – மன்றோ விஷயம் தனிச் சுவை. முதல் பிரதிநிதிகள் சபைக்கான தேர்தலில் இருவரும் ஒரே தொகுதியில் எதிரெதிராக நின்றார்கள். 1789 பிப்ரவரியில் மேடிசன் 1,308 ஓட்டு, மன்றோ 972. கடுங்குளிரில் ஒரு தேவாலயத்துக்கு வெளியே நின்று இருவரும் மாறி மாறிப் பேசி, திரும்பும் வழியில் மேடிசனுக்கு மூக்கில் பனிக்கடி பட்டது. வயதான காலத்தில் அந்தத் தழும்பைக் காட்டி அவரே சொன்ன கதை இது. பிற்பாடு ஒரே கட்சிக்காரர்கள் ஆகப்போகிற இருவர் இப்படி மோதியதை 'இருகட்சி முறையின் தொடக்கம்' என்று எழுதினால் அடுத்த பக்கத்திலேயே நீங்கள் மூன்று பத்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இந்தத் தேர்வின் மறைந்த செலவே இதுதான். ஃபெடரலிஸ்ட் என்ற பெயர் 1788-இலும் 1798-இலும் ஒன்றாக இருப்பதால் ஆட்களும் ஒன்று என்று படிப்பவர் நம்பிவிடுவார். அப்புறம் எதிர்ப்பாளர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டால் பதில் தடுமாறும். நிஜத்தில் அவர்கள் கரைந்துவிட்டார்கள்: அவர்கள் கேட்ட உரிமைச் சாசனம் 1791 டிசம்பரில் நிறைவேறியது, கடைசியாக அடம் பிடித்த ரோட் தீவு 1790 மே மாதத்தில் 34–32 என்று நூலிழையில் உள்ளே வந்தது, அதன் பிறகு அரசியலமைப்பு வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லை. இரண்டு தரப்பும் அதே அரசியலமைப்பைத்தான் மேற்கோள் காட்டிச் சண்டை போட்டன.

நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் கிளிண்டன் மாதிரி, அன்று எதிர்ப்பாளர், பிறகு ஜெஃபர்சன் கட்சி என்று நேர்கோட்டில் போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. உங்கள் கட்டுரை மாநில உரிமை பற்றியோ, கோஷ்டிகளை ஒழிக்க முடியாது, பெரிய நாட்டில் பரவவிட்டால் ஒன்றையொன்று மட்டுப்படுத்தும் என்று மேடிசன் வாதாடிய பத்தாவது ஃபெடரலிஸ்ட் கட்டுரை பற்றியோ இருந்தால் 1787-இல் தொடங்குவதுதான் சரி. கட்சிகள் பற்றியென்றால் அதை முன்கதையாக இரண்டு வரியில் முடித்துவிடுங்கள்.

## 1790–92: கடன், வங்கி, பத்திரிகை

1790 ஜனவரியில் நிதியமைச்சர் ஹாமில்டன் சபைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். விடுதலைப் போரில் வாங்கிய மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர், மாநிலங்களின் கடன் இன்னும் சுமார் 2.5 கோடி. எல்லாவற்றையும் மத்திய அரசே ஏற்று, முழு மதிப்புக்குப் புதுப் பத்திரம் கொடுத்து, ஒழுங்காக வட்டி கட்ட வேண்டும் என்பது திட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஷயம் என்னவென்றால், போரில் சம்பளத்துக்குப் பதிலாகக் காகிதம் வாங்கிய சிப்பாய்களும் தானியம் கொடுத்த விவசாயிகளும் வயிற்றுப்பாட்டுக்கு அதை அடிமாட்டு விலைக்கு விற்றுத் தீர்த்துவிட்டிருந்தார்கள். வாங்கி வைத்திருந்தவர்கள் நகரத்து வியாபாரிகள். இப்போது முழு மதிப்பு அவர்களுக்குத்தான் போகும்.

முதலில் வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்றார் மேடிசன். சபை 36–13 என்று தூக்கி எறிந்தது. மாநிலக் கடனை ஏற்பது வேறு கதை: ஏப்ரலில் 31–29 என்று ஹாமில்டன் தோற்றார். ஜூனில் நியூயார்க்கில் ஜெஃபர்சன் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், தெற்கு கேட்டபடி தலைநகரம் பொட்டோமாக் நதிக்கரைக்குப் போகட்டும், கடன் மசோதா நிறைவேறட்டும் என்று பேசி முடித்தார்கள். ஜூலையில் 34–28. ஓர் இரவுச் சாப்பாட்டில் முடிந்ததா, அதற்கு முன்பே பேரம் பழுத்திருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு: 1790 கோடையில் இவர்கள் இன்னும் பேரம் பேசக்கூடியவர்களாக இருந்தார்கள்.

அந்த நிலை வங்கியோடு போனது. ஒரு கோடி டாலர் மூலதனத்தில் தேசிய வங்கி, அதில் அரசின் பங்கு 20 லட்சம். 1791 பிப்ரவரியில் சபை 39–20 என்று ஏற்றது. அரசியலமைப்பில் வங்கி நடத்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று மேடிசன் சபையிலும் ஜெஃபர்சன் அதிபருக்கு எழுதிய குறிப்பிலும் கேட்டார்கள். 'தேவையான, உகந்த' சட்டங்கள் என்ற சொற்றொடருக்குள் வங்கி அடங்கும் என்று ஹாமில்டன் நீளமாகப் பதில் எழுதினார். அதிபர் வாஷிங்டன் பிப்ரவரி 25-இல் கையெழுத்துப் போட்டார். இதில் பேரம் பேச ஒன்றுமே இல்லை, கவனியுங்கள். கடன் விஷயத்தில் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம். அரசியலமைப்பு அனுமதிக்கிறதா இல்லையா என்பதைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ள முடியாது.

அதே ஆண்டு அக்டோபர் 31-இல் 'நேஷனல் கெஸட்' பத்திரிகை வந்தது. ஆசிரியர் கவிஞர் பிலிப் ஃப்ரெனோ. ஜெஃபர்சனின் வெளியுறவுத் துறையில் வருடம் 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பு எழுத்தர் வேலை அவருக்கு; ஓய்வு நேரத்தில் அதே அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவது. மறுபக்கம் ஜான் ஃபென்னோவின் பத்திரிகை 1789-இலிருந்தே அரசைப் புகழ்ந்துகொண்டிருந்தது, அதற்கு நிதித்துறையின் அச்சு வேலைகள். அமைச்சரவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஆளுக்கொரு பத்திரிகையை விட்டு அடித்துக்கொண்டார்கள். நிறுத்துங்கள் என்று வாஷிங்டன் இருவருக்கும் தனித்தனியாக எழுதினார். இருவரின் பதிலும் ஒரே தேதியில், 1792 செப்டம்பர் 9. இருவருமே தப்பு அவன் மேல் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

கட்சிகள் *ஏன்* வந்தன என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பணம், அதிகாரம், அரசியலமைப்பை எப்படிப் படிப்பது என்ற மூன்றும் ஒரே முடிச்சில் இருக்கின்றன.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, கதை இரண்டு பெரிய மனிதர்களின் மனத்தாங்கலாகச் சுருங்கிவிடும். ஹாமில்டன் இல்லாவிட்டால் கட்சியே வந்திருக்காது என்ற மாதிரி ஒரு தொனி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: வங்கிக்கு எதிராக விழுந்த 20 ஓட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே மேரிலாந்து முதல் ஜார்ஜியா வரையான தெற்கிலிருந்து வந்தவை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கட்சிப் பிளவா, பிராந்தியப் பிளவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள். அன்று ஆளுக்கு இரண்டு ஓட்டு, அதிபர், துணை அதிபர் என்று பிரிக்காமல்; அதிகம் வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1792 தேர்தலில் வாஷிங்டனுக்கு 132 தேர்வாளர் ஓட்டும் ஒருமனதாக விழுந்தன. துணை அதிபர் பதவிக்கு மட்டும் ஜான் ஆடம்ஸ் 77, கிளிண்டன் 50 என்று ஒரு சின்னப் போட்டி. தலைவர்களிடம் கட்சி இருந்தது, ஊரில் இன்னும் இல்லை.

## 1793–96: தெருவுக்கு வந்த சண்டை

ஒரே ஒரு தொடக்கம்தான் எடுக்க முடியும் என்றால் நான் எடுப்பது இதை.

1793-இல் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. ஏப்ரலில் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். வங்கி மூலதனம் என்றால் சாதாரண ஆளுக்கு ஒன்றும் புரியாது, மன்னன் தலையை வெட்டிய குடியரசை ஆதரிக்கிறாயா, நம்மை அடக்கி ஆண்ட பிரிட்டனோடு குலாவுகிறாயா என்றால் செருப்புத் தைப்பவருக்கும் ஒரு கருத்து இருக்கும். 1793–94-இல் ஜனநாயக – குடியரசுச் சங்கங்கள் என்று நாடு முழுவதும் நாற்பது போலக் கிளம்பின. வாஷிங்டனுக்கு அவை பிடிக்கவில்லை. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் விஸ்கி வரிக்கு எதிராகக் கலகம் வெடித்து, ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையை அனுப்பிய பிறகு, தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்ட சங்கங்கள் என்று சபையில் பெயர் சொல்லாமல் குட்டினார். சங்கங்கள் மங்கின, அதில் பழகிய ஆட்கள் மங்கவில்லை.

அடுத்தது ஜே ஒப்பந்தம். தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டன் போய் 1794 நவம்பரில் கையெழுத்திட்டு வந்தார். பிரிட்டன் மேற்குக் கோட்டைகளைக் காலி செய்யும், சரி. ஆனால் கடலில் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் வணிகம் செய்யலாமாம், 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்களில்! (பதின்மூன்றாம் பிரிவின்படி கிழக்கிந்தியாவில் பிரிட்டிஷ் துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன, நம் சென்னப்பட்டணமும் அதில் அடக்கம். அந்தப் பிரிவுக்கு ஆட்சேபம் குறைவு.) செனட் அந்த 70 டன் பிரிவை மட்டும் வெட்டிவிட்டு, 1795 ஜூன் 24-இல் 20–10 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஓர் ஓட்டுக்கூட மிச்சமில்லாமல், ரகசியமாக ஒப்புதல் கொடுத்தது.

ரகசியம் ஒரு வாரம் தாங்கவில்லை. வர்ஜீனியாவின் செனட்டர் ஒருவர் கொடுத்த பிரதியை பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பேரன் பெஞ்சமின் பாஷ் அச்சடித்து, தானே மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க், பாஸ்டன் என்று வண்டியேறி விற்றார். ஊருக்கு ஊர் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. ஜூலை 18 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேச வந்த ஹாமில்டன் மேல் கல் விழுந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். 'காமில்லஸ்' என்ற பெயரில் கட்டுரைத் தொடர் வந்தது. ஃபெடரலிஸ்டுகளும் சும்மா இருக்கவில்லை, வியாபாரிகளைக் கொண்டு கையெழுத்து மனுக்கள் திரட்டிக் குவித்தார்கள். மக்களிடம் போவது கீழ்த்தரம் என்று நினைத்த கட்சி மக்களிடம் போனது இந்த விஷயத்துக்காகத்தான்.

1796-இல் சபைக்கு வந்தது சண்டை. ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும், பணம் பிரதிநிதிகள் சபையின் கையில். பேச்சுவார்த்தைக் காகிதங்களைக் கொடு என்று 62–37 என்று தீர்மானம், வாஷிங்டன் மறுத்தார், ரிபப்ளிக்கன் (ஜெஃபர்சன், மேடிசன் அணியின் பெயர்) உறுப்பினர்கள் தனியாகக் கூடி, என்ன செய்வது, எத்தனை தலை தேறும் என்று பேசினார்கள். முழுச் சபையும் குழுவாகக் கூடிப் போட்ட ஓட்டில் 49–49. தலைமை நாற்காலியில் இருந்த ஃபிரெடரிக் முலென்பெர்க், சபையின் முதல் சபாநாயகராக இருந்தவர், பென்சில்வேனியாக்காரர், ரிபப்ளிக்கன் பக்கம் என்று எண்ணப்பட்டவர், ஆதரவாக ஓட்டுப் போட்டார். மறுநாள் 51–48. அவரது நாடாளுமன்ற வாழ்க்கை அதோடு முடிந்தது. கட்சி மாறி ஓட்டுப் போட்டால் விலை கொடுக்க வேண்டும் என்பது நிலைத்துவிட்டது என்றால், கட்சி இருக்கிறது என்று அர்த்தம்.

முக்கியமாக, எதிர்ப்பு இப்போது தெற்கோடு நிற்கவில்லை. காகிதம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்த எட்வர்ட் லிவிங்ஸ்டன் நியூயார்க். சபையில் வாதத்தை நடத்திய ஆல்பர்ட் கலாட்டின் பென்சில்வேனியா, பிறந்ததோ ஜெனீவா.

அந்த இலையுதிர் காலத் தேர்தலில் பென்சில்வேனியாவில் நடந்ததைக் கிட்டே போய்ப் பாருங்கள். சட்டப்படி ஓட்டுச் சீட்டு கையால் எழுதியிருக்க வேண்டும், அதிலே 15 தேர்வாளர் பெயர். யார் ஞாபகம் வைத்துக்கொண்டு 15 பெயர் எழுதுவார்? சபையின் எழுத்தர் ஜான் பெக்லி ஆட்களை உட்காரவைத்து ஆயிரக்கணக்கில் சீட்டுகளைக் கையால் எழுதவைத்து மாநிலம் முழுக்க அனுப்பினார். வாக்காளர் வாங்கிப் பெட்டியில் போட்டால் போதும். மாநிலத்தின் 15 ஓட்டில் 14 ஜெஃபர்சனுக்கு. பெக்லிக்கு அடுத்த ஆண்டே எழுத்தர் வேலை போனது.

அந்த 14-இல் ஒன்று ஃபெடரலிஸ்ட் பட்டியலில் ஜெயித்த சாமுவேல் மைல்ஸ் போட்டது. கொதித்துப்போன ஒரு வாக்காளர் பத்திரிகைக்கு எழுதினார்: ஆடம்ஸா ஜெஃபர்சனா என்று எனக்காக முடிவு செய்யவா மைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன், நான் தேர்ந்தெடுத்தது அவர் செயல்படுவதற்கு, சிந்திப்பதற்கு இல்லை. அரசியலமைப்பை எழுதியவர்கள் தேர்வாளர்கள் யோசித்து முடிவெடுப்பார்கள் என்று நினைத்தார்கள். எட்டே ஆண்டில் சாதாரண வாக்காளர் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.

செலவு இல்லாமல் இல்லை. இந்தத் தொடக்கத்தில் வெளியுறவு விவகாரம் நிறைய விளக்க வேண்டும், கடல் வணிகம் பிடிக்காத வாசகர் தூங்கிவிடலாம். அதோடு கட்சிக் கட்டுப்பாடு இன்னும் பாதி வெந்ததுதான். நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள் ஆடம்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தங்கள் துணை அதிபர் வேட்பாளர் பிங்க்னிக்கு ஓட்டைக் குறைத்தார்கள். முடிவு: ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68, பிங்க்னி 59. அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி. அந்தத் தேர்தலுக்கு முன் செப்டம்பரில் வந்த வாஷிங்டனின் விடைபெறும் உரை கட்சி மனப்பான்மையை எச்சரித்ததை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைச் செதுக்கிக் கொடுத்தவர் ஹாமில்டன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

## 1800: கட்சி ஜெயித்த தேர்தல்

இதன் பலம், குழப்பமே இல்லாதது. இரண்டு கட்சியும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் கூட்டத்தில் வேட்பாளரைப் பேசி முடித்தன. 1798-இன் தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் களத்தில் இருந்தது. அந்தச் சட்டம் அதிபரையும் காங்கிரஸையும் அவதூறிலிருந்து காத்தது, துணை அதிபரை மட்டும் காக்கவில்லை, அப்போது துணை அதிபர் ஜெஃபர்சன். அந்தச் சட்டத்தில் சிறை போன வெர்மான்ட்டின் மேத்யூ லயன் சிறையிலிருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

கட்டுப்பாடு முழுமையாக இருந்ததால்தான் விபத்து நடந்தது. ரிபப்ளிக்கன் தேர்வாளர் ஒருவர்கூடப் பிசகாமல் ஓட்டுப் போட, ஜெஃபர்சன் 73, அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஆரோன் பர் 73. ஃபெடரலிஸ்டுகள் முன்யோசனையாக ஓர் ஓட்டை ஜேக்குத் திருப்பியிருந்ததால் அவர்கள் கணக்கு ஆடம்ஸ் 65, பிங்க்னி 64. சபையில் 36 சுற்று ஓட்டெடுத்து 1801 பிப்ரவரி 17-இல் ஜெஃபர்சன் ஜெயித்ததோடு முடிந்தது. 1804-இல் 12-ஆம் திருத்தம் வந்து அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி ஓட்டு ஆனது. கட்சி என்ற பேச்சே இல்லாத அரசியலமைப்பைக் கட்சி திருத்திய முதல் இடம் அது.

ஆனால் இங்கே தொடங்கினால் கட்சி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே விழுங்கப்பட்டுவிடும். வாசகர் பார்ப்பது வளர்ந்த ஆளை. 'மக்கள் புரட்சி' என்று எழுதும் ஆசையும் வரும். 16 மாநிலங்களில் ஐந்தில்தான் வாக்காளர் நேரடியாகத் தேர்வாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வர்ஜீனியா தன் ஓட்டு சிதறக் கூடாதென்று விதியையே மாற்றியது, மாசசூசெட்ஸ் மறுபக்கத்துக்காக அதையே செய்தது. ஜெஃபர்சன் ஆடம்ஸை முந்தியது எட்டு ஓட்டில், ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு தெற்குக்குக் கொடுத்த கூடுதல் இடங்கள் அதைவிட அதிகம். ஆட்சி அமைதியாகக் கைமாறுவது பற்றிய பேச்சு என்றால் 1800 எடுங்கள், இந்தக் கணக்கையும் சொல்லிவிட்டு.

## 1828: இன்றைய முகம்

1816-இல் ரூஃபஸ் கிங் 34 தேர்வாளர் ஓட்டோடு ஃபெடரலிஸ்டுகளின் கடைசி அதிபர் வேட்பாளர் ஆனார். 1820-இல் மன்றோவுக்கு எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. 1824-இல் நால்வர் போட்டியிட்டு, 99 வாங்கிய ஜாக்சனை விட்டுவிட்டு 84 வாங்கிய ஜான் குவின்ஸி ஆடம்ஸைச் சபை தேர்ந்தெடுத்தது. அந்தக் கோபத்தில் மார்ட்டின் வான் பியூரன் தெற்கின் தோட்ட முதலாளிகளையும் வடக்கின் எளிய குடியரசுக்காரர்களையும் ஒன்றாக்க வேண்டும் என்று 1827 ஜனவரியில் வர்ஜீனியாவின் பத்திரிகை ஆசிரியர் தாமஸ் ரிச்சிக்கு எழுதினார். மொத்த ஓட்டுகள் 1824-இன் சுமார் 3.6 லட்சத்திலிருந்து, ஜாக்சன் ஜெயித்த 1828-இல் 11 லட்சத்துக்கு மேல் போயின. கட்சி நல்லது, அது வேண்டும் என்று வெட்கமில்லாமல் சொன்ன தலைமுறை இதுதான்.

மறைந்த செலவு, 1790-கள் முழுவதும் வெறும் ஒத்திகையாகிவிடும். அந்த வான் பியூரனோ தான் ஜெஃபர்சன் கட்சியைத்தான் மீட்டெடுக்கிறேன் என்று நம்பியவர்.

## யாருக்கு எது?

பத்து மதிப்பெண் விடை எழுதுபவர் 1790–92-இல் தொடங்கி 1796-இல் முடிப்பது பாதுகாப்பு. 1787-ஐ ஒரு வரியில் சொல்லி, 'ஆட்கள் அப்படியே தொடரவில்லை' என்று மேடிசன் பெயரைப் போட்டுவிட்டால் திருத்துபவர் மடக்க இடம் இல்லை. ஆய்வுக் கட்டுரை எழுதும் முதுகலை மாணவருக்கு நான் சொல்வது 1795–96, காரணம் சான்றுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன: பத்திரிகை, மனுக்கள், சபை ஓட்டுப் பட்டியல், பென்சில்வேனியாவின் தேர்தல். மேடையில் பேசுகிறவர்கள் கொடும்பாவியில் தொடங்கிவிட்டுப் பின்னோக்கிக் கடன் பத்திரத்துக்குப் போகலாம், அந்த வரிசை மேடையில் நன்றாக எடுபடும். இன்றைய அமெரிக்கத் தேர்தலை விளக்கப் போகிறவர்களுக்கு 1828 போதும்.

எதை எடுத்தாலும் ஒரு பள்ளத்தில் விழாதீர்கள். ஜெஃபர்சனின் ரிபப்ளிக்கன் கட்சி இன்றைய ரிபப்ளிக்கன் கட்சி இல்லை. இன்றையது 1854-இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் புதிதாகக் கட்டப்பட்டது. ஜெஃபர்சன், மேடிசன் வழி வந்த அணி ஜாக்சன் காலத்தில் டெமாக்ரட்டுகளாக ஆனது, அந்தப் பெயரில்தான் இன்றும் நடக்கிறது.